பழைய லேப்டாப்புக்குத் தெரிந்த வீடு

உ

திருமுல்லைவாயில்
6-1-2025

மைதிலிக்கு,

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று எரிகிற கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தவள் நான். போனில் பேசினாலும் பேச்சுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் உன் வீட்டுக்காரனிடம் காட்டிச் சிரிக்காதே.

உன் அப்பாவோடு ஃபேக்டரியில் இருந்த உலகநாதன் இந்தப் பையைக் கொண்டுவந்து கொடுப்பார். "இன்னா அண்ணி, பொண்ணுக்கு போன்ல ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது, இதுக்குப் போயி லெட்டரா" என்கிறார். பெட்ரோல் போட்டு வண்டி ஓட்டுவது மட்டும் உங்கள் வேலை என்று சொல்லிவிட்டேன்.

பையில் இரண்டு லேப்டாப் இருக்கும். சாம்பல் நிறம் உன் அப்பாவுடையது. கறுப்பு புதுசு, உன் தம்பி கௌதம் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பினது. பழசு ரொம்ப முடியாமல் கிடக்கு. திரையில் கோடு கோடாக விழுகிறது. ஒயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் உயிர் வருகிறது.

வீட்டு வைஃபைக்கு உன் அப்பா என்ன பாஸ்வேர்டு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. சொல்லாமலே போய்விட்டார். அந்தப் பழைய பெட்டிக்கு மட்டும் தெரியும், திறந்தால் தானே போய்ச் சேர்ந்துகொள்ளும். அது நின்றுபோனால் அவர் போட்டதும் போச்சு. நெட்டுக்காரப் பையன் வந்து சுவரில் மாட்டியிருக்கிற வைஃபை டப்பாவைப் பார்த்தான். "பின்னால ஒரு ஓட்ட கீது ஆயா, குண்டூசி வச்சி ஒரு அமுக்கு அமுக்கினா எல்லாம் அழிஞ்சிடும், புச்சா போட்டுக்கலாம்" என்றான். அழிஞ்சிடும் என்பதை எவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறான். குண்டூசியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். கௌதமும் அதையேதான் சொல்கிறான். அவர் கையால் போட்டு வைத்து இந்த வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அழிக்க விட மாட்டேன்.

பழசில் இருக்கிற வைஃபையை அப்படியே புதுசுக்கு மாற்றலாமாம். மாடி வீட்டு அகல்யா சொன்னாள். "எனக்கு செய்யத் தெரியாது ஆன்ட்டி, காலேஜ் லேப்ல வேலை பாக்கறவங்க யாராவது இருந்தா கேளுங்க" என்றாள். காலேஜ் லேபில் வேலை பார்ப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது.

செய்துகொடு. பாஸ்வேர்டைப் பார்க்காதே. வேறு எதையும் திறக்காதே.

நான் ஒன்றையும் மறக்கவில்லை. நீ அவனோடு போன அன்று அடுப்பில் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்பு பார்த்துச் சொல்லு என்றேன். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டு "சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, பச்சைப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். அந்தக் குழம்பில் நான் உப்பே போட்டிருக்கவில்லை.

இப்படிக்கு,
லோகநாயகி


வேலப்பன்சாவடி
8-1-2025

அம்மாவுக்கு,

பை வந்தது. உன் கையெழுத்தைக் கடைசியாகப் பார்த்தது என் ஸ்கூல் டைரியில். 'மகளுக்குக் காய்ச்சல், லீவு விடவும்.' அதே சாய்வு.

வேலை பெரியதில்லை. எந்த எந்த வைஃபையில் சேர்ந்ததோ, அவற்றின் பெயரையும் பாஸ்வேர்டையும் பழைய லேப்டாப் உள்ளே வைத்திருக்கும். அதை ஒரு பென் டிரைவில் எழுதி எடுத்து, புதியதில் செருகிப் படிக்க வைத்தால் போதும். உன் வீட்டுக்கு வந்ததும் யாரையும் கேட்காமல் சேர்ந்துகொள்ளும். அப்பா போட்டது அப்படியே இருக்கும். குண்டூசி வேண்டாம்.

ஒயர்தான் நிற்கவில்லை. வேறு ஒயர் வாங்கி, பொங்கல் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்துச் செய்கிறேன். என் வீட்டுக்காரர் அமல் ஏனோ, "இங்க எதுக்கு, லேபுக்கே எடுத்துனு போயேன்" என்கிறார். லேபில் எங்கள் மேடம் சொந்த வேலை செய்ய விட மாட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். மாசியில் அப்பாவுக்கு வருஷத் திதி வருகிறது. போன வருஷம் அப்பா கிடந்த அன்று நான் வந்தேன். நீ கேட்டைச் சாத்தச் சொன்னாய். டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நின்று, வண்டி போவதைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் மாலைதான் தெரிந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. தெருவில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

திதி அன்று என்னைக் கேட்டுக்குள் வர விடு. படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுகிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. என் மகள் ரோஷினிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

மைதிலி


திருமுல்லைவாயில்
10-1-2025

மைதிலிக்கு,

ஒரு வேலை சொன்னால் அதற்குக் கூலி கேட்கிறாய்.

கேட்டைச் சாத்தினேன் என்கிறாய். ஏன் சாத்தினேன் என்று உன் கடிதத்தில் இல்லை. உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நீ ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டாய் என்று தெரிந்த அன்று சாயங்காலம், நானும் உன் அப்பாவும் அம்மன் கோயிலுக்குப் போனோம். நான் உன்னோடு பேச மாட்டேன் என்று கற்பூரத்தை அடித்தேன். பிறகு அவரைச் சொல்லச் சொன்னேன். "இனிமே மைதிலி மொகத்துல முழிக்க மாட்டேன்" என்று அடித்தார். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. நான்தான் தேங்காய் எண்ணெய் தடவினேன். சாப்பிட முடியாமல் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். அப்படிச் செய்த சத்தியம்.

சாகிற வரைக்கும் அதைக் காப்பாற்றிய மனுஷன் அவர். ஒரு நாள் உன் பேரை எடுக்கவில்லை. ஒரு கல்யாணத்துக்கு நீ வரக்கூடும் என்றால் அந்த மண்டபத்துக்கே வரவில்லை. உயிரோடு இருக்கும்போது பார்க்காத முகத்தை, கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது எதிரே கொண்டுவந்து நிறுத்த விடுவேனா? அவர் காப்பாற்றியதை நான் அன்றைக்கு ஒரு கேட்டைத் திறந்து கெடுப்பேனா? அதனால் சாத்தினேன். இன்னொரு தடவை என்றாலும் சாத்துவேன்.

திதிக்கு வராதே. படம் என்றாலும் அவர்தான்.

லேப்டாப்பை மாற்ற முடிந்தால் மாற்று. முடியாவிட்டால் உலகநாதனிடம் திருப்பிக் கொடு.

இப்படிக்கு,
லோகநாயகி


வேலப்பன்சாவடி
20-1-2025

அம்மா,

நேற்று அப்பாவின் லேப்டாப்பை எங்கள் ஹாலில் வைத்துத் திறந்தேன். அமல் வாங்கி வந்த ஒயர் நன்றாக நின்றது. திரை வந்தது. மூலையில் வைஃபை குறி கொஞ்ச நேரம் சுற்றியது, பிறகு நின்றது. சேர்ந்துவிட்டது. என் வீட்டு வைஃபையில்.

நான் பாஸ்வேர்டு போடவில்லை. அது கேட்கவும் இல்லை. உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். முன்னால் ஒரு தடவையாவது அதே வீட்டில் அதைத் திறந்து யாராவது பாஸ்வேர்டு போட்டிருந்தால் ஒழிய, ஒரு லேப்டாப் இப்படித் தானாகச் சேராது. நான் தினமும் லேபில் பார்க்கிற வேலை இது.

திரும்பிப் பார்த்தேன். அமல் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

"லேபுக்கு எடுத்துனு போன்னு சொன்னேனே மைத்தி."

"யாரு வந்தது?"

"மாமா."

"எப்போ?"

"வியாழக்கெழமைல. நான் நைட் ஷிப்ட் முடிச்சி ஊட்ல இருப்பேன். நீ காலேஜ்ல இருப்ப."

ரோஷினி பிறந்ததிலிருந்தே வந்திருக்கிறார். முதலில் அமல் வேலை பார்க்கிற அண்ணனூர் ரயில்வே கார் ஷெட் வாசலில் வந்து காத்திருந்தாராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. 'மாப்ளே, அவ மொகத்துல முழிக்க மாட்டேன்னுதான் நான் சொன்னேன். பேத்தி மொகத்தப் பத்தி யாரும் கேக்கல'ன்னாரு. நான் இன்னா பண்றது? நீ வர டைம் ஆச்சின்னா மணியப் பாத்து எழுந்துப்பாரு. ஒரு நாளுகூட லேட் பண்ணல."

ரோஷினி சின்ன வயதிலிருந்து 'கண்ணாடித் தாத்தா' என்று ஒருவரைச் சொல்வாள். கீழ் வீட்டுப் பெரியவரைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். போன வருஷம் வரை ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டில் கரும்பு இருக்கும். கணு நீக்கி, தோல் சீவி, காசு காசாக நறுக்கி டப்பாவில். மார்க்கெட்டில் அப்படி நறுக்கித் தருகிறார்கள் என்று அமல் சொன்னார். நானும் நம்பினேன். எனக்குச் சின்ன வயதில் அப்படி நறுக்கிக் கொடுத்தது யார் என்று எனக்கு ஞாபகம் வரவே இல்லை.

அம்மா, நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் எதிர்ப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருப்பார். நீ என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினாய். அவர் என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, நான் வருவதற்குள் எழுந்து போனார். இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேற்றிலிருந்து அமலோடு நான் பேசவில்லை. சத்தியம் எதுவும் செய்யவில்லை, பேச வரவில்லை.

பாஸ்வேர்டைப் பார்த்தேன். பார்க்காதே என்று நீ சொன்னாய், பார்த்தேன். என் பெயர் இருக்குமோ என்று. இல்லை. ரோஷினி பெயரும் இல்லை. அவருடைய ஃபேக்டரி டோக்கன் நம்பர்.

புதியதுக்கு மாற்றிவிட்டேன். பழசில் இருந்தது இரண்டே வைஃபை. ஒன்று உன் வீடு, ஒன்று என் வீடு. உன்னுடையதை மட்டும் எடுத்து மாற்றியிருக்கலாம். இரண்டையும் மாற்றியிருக்கிறேன். அவர் போட்டு வைத்ததை அழிக்கக் கூடாது என்று நீதான் எழுதினாய்.

மைதிலி


திருமுல்லைவாயில்
24-1-2025

மைதிலிக்கு,

படித்தேன். பொய் என்றேன். மாடியில் அகல்யாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

புதுப் பெட்டியைத் திறந்தேன். சேர்ந்துகொண்டது.

டோக்கன் நம்பராம். அவர் சாப்பாட்டுப் பையில் சிவப்பு நூலால் அந்த நம்பரை எத்தனை தடவை தைத்திருப்பேன். பை கிழியும், நம்பர் கிழியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பாஸ்வேர்டு பாஸ்வேர்டு என்று ஒரு வருஷமாக இந்த வீட்டில் பேச்சு. நெட்டுக்காரன் கேட்கவில்லை, கௌதம் கேட்கவில்லை. இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் அதுவாக இருக்கும் என்று தோன்றவில்லை.

வியாழக்கிழமைதோறும் பென்ஷன் சங்கத்துக்கு என்று சொல்லித்தான் உன் அப்பா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவார். உலகநாதனைக் கூப்பிட்டேன். வண்டியை விட்டு இறங்கவிடாமல் வாசலிலேயே வைத்துக் கேட்டேன்.

"உங்க பென்ஷன் சங்கம் வியாழக்கெழமை எப்பனா கூடிச்சா?"

வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒங்களத்தான் கேக்கறேன்."

"அது மாசத்துல ஒரு தபா அண்ணி. அதுவும் ஞாயித்துக்கெழம."

"அப்ப வாரா வாரம் லேப்டாப்பத் தூக்கினு அவரு எங்க போனாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? பஸ் ஸ்டாண்ட்ல எறக்கி வுடுவேன். பூந்தமல்லி பஸ்ல ஏறுவாரு."

"பூந்தமல்லி பஸ் வேலப்பன்சாவடில நிக்குமா?"

"பஸ்ஸுன்னா நிக்கத்தான் செய்யும், அண்ணி" என்றார். இனிமேல் அவருக்கு இந்த வாசலில் மோர்கூடக் கிடையாது.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, மைதிலி. வியாழக்கிழமை மட்டும் இஸ்திரி போட்ட சட்டை கேட்பார். கடலை உருண்டை சின்னதாகப் பிடி, பல்லுக்கு ஆகவில்லை என்பார். கோலிக்குண்டு அளவுக்குப் பிடித்துக் கொடுப்பேன். அவருக்குப் பல் எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. ஒரு நாள் சட்டை முதுகில் மினுக்குகிற நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பஸ்ஸில் எவனோ ஒட்டியிருப்பான் என்றார். வெந்நீர் விட்டு நகத்தால் சுரண்டி எடுத்தேன். பொங்கலுக்கு இரண்டு கட்டு கரும்பு வாங்குவார், ஒன்று சங்கத்துக்கு என்பார். ஒவ்வொன்றையும் பார்த்தேன், ஒவ்வொன்றும் மனசில் இருக்கு, ஒன்றுகூட என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பிடித்தது நான், ஊட்டியது அவர்.

என்னை ஏமாற்றிவிட்டுச் செத்துப்போன ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? கடிதம் வந்ததிலிருந்து படத்துக்குப் பூ போடவில்லை. விளக்கு மட்டும் ஏற்றுகிறேன், அது சாமிக்கு.

அவர் சத்தியத்தை முறிக்கவில்லை. அதில் தப்புச் சொல்ல முடியாது. ஓரமாக நடந்து போயிருக்கிறார். நானும் உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். பேத்தியைப் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை.

வருகிற வியாழக்கிழமை நான் வருகிறேன். நீ காலேஜுக்குப் போய்விடு. உன் வீட்டுக்காரனைக் கதவு திறந்துவிடச் சொல். நீ வருவதற்குள் கிளம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
லோகநாயகி


வேலப்பன்சாவடி
27-1-2025

அம்மாவுக்கு,

முடியாது.

நான் இல்லாதபோது வந்துபோகிற வீடு ஒருவருக்குப் போதும். அப்பாவை நான் தடுக்க முடியாது, அவர் போய்விட்டார். உன்னைத் தடுப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மேஜையில் கடலை உருண்டைத் தூள் கிடக்கிறதா என்று நான் தேடிப் பார்க்க வேண்டுமா? ஹாலில் நாற்காலி கொஞ்சம் நகர்ந்திருந்தால், யார் உட்கார்ந்தது என்று என் மகளிடம் கேட்க வேண்டுமா?

வியாழக்கிழமை வந்தால் கதவு பூட்டியிருக்கும். அமலிடம் சொல்லிவிட்டேன். மறுபடி அவரோடு பேச ஆரம்பித்ததே அதைச் சொல்லத்தான். எங்கள் தெருவிலும் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதன் கீழே நின்று பார். வெயில் எப்படி அடிக்கும் என்று தெரியும்.

பேத்தியைப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை வா. நான் வீட்டில் இருப்பேன். நீ பேச வேண்டாம். உன் சத்தியத்தை நீ வைத்துக்கொள். ஆனால் என்னைப் பார்த்தபிறகுதான் அவளைப் பார்க்க முடியும்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். நீ வராமல் இருந்துவிடுவாய் என்று தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அனுப்புகிறேன்.

மைதிலி


வேலப்பன்சாவடி, உன் வீட்டு ஹால்
2-2-2025

மைதிலிக்கு,

பேனா என்னுடையது. பேப்பர் உன் மகள் ரோஷினி நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தது. நாலு கோடு போட்ட நோட்டு, என் எழுத்து கோட்டில் நிற்கவில்லை.

முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னது அவர். நான் சொல்லவில்லை. அதனால் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. காதில் தோடு இல்லை, குச்சி போட்டிருக்கிறாய். இதையெல்லாம் கேள்வியாகக் கேட்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துத் திறந்தேன். பார்த்தாய். யாரையும் கேட்காமல் சேர்ந்துகொண்டது. இந்த வீட்டுக்குள் முதல் தடவையாக வருகிற என்னைத்தான் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நிற்க வைத்தது.

உன் மகள் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உன்னிடம், "பாட்டிக்கு பேச வராதாம்மா?" என்று கேட்டாள். நீ, "வரும். கொஞ்சம் மெதுவா வரும்" என்றாய். அப்படிச் சொல்லச் சொல்லி நான் உன்னிடம் கேட்கவில்லை.

லோகநாயகி


அம்மா,

சமையலறையிலிருந்து எழுதுகிறேன். ரோஷினியிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு கிண்ணமும் வருகிறது. வத்தக்குழம்பு. உப்பு பார்த்துச் சொல்.

மைதிலி


மைதிலிக்கு,

உப்பு போதவில்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு கொதி விடு. சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன், அதற்காக இலை எல்லாம் வாங்க ஆள் அனுப்பாதே. உன் வீட்டுக்காரர் தெருமுனை வரைக்கும் போய்விட்டார், கூப்பிடு.

உன் மகள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கண்ணாடித் தாத்தா ஏன் வரல?" என்று என்னைக் கேட்கிறாள். ஒரு வருஷமாக இவளிடம் யாரும் சொல்லவில்லையா? பேனாவைப் பிடித்து இழுக்கிறாள், அதனால் எழுத்து இப்படி இருக்கு.

மாசியில் திதி. ஐயர் வருவதற்கு முன்னாலேயே வந்துவிடு. கேட் திறந்திருக்கும். டிரான்ஸ்பார்மர் பக்கம் நிற்காதே. இவளையும் கூட்டிக்கொண்டு வா, உன் வீட்டுக்காரரையும் வரச் சொல். உன்னோடு பேச மாட்டேன், அதை எதிர்பார்த்து வராதே. இந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா.

உன் அப்பாவின் சத்தியத்தை என்ன செய்வது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நீ உள்ளே வருகிற நேரத்துக்குப் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மாட்டேன். பார்க்கட்டும். இத்தனை வருஷம் நீ வருகிற நேரமாகப் பார்த்து எழுந்து போன மனுஷன், இந்தத் தடவை எழுந்து போக முடியாது.

லோகநாயகி